தம்பியின் நெஞ்சளவு

ஒருநாள் காலையில் தம்பி இடது கையால் தலை சீவிக்கொண்டிருந்தான். அவன் வலது கைக்காரன். சோறு, கையெழுத்து, கிரிக்கெட் பந்து, என் முதுகில் வைக்கிற அடி எல்லாமே வலதுதான். கண்ணாடிக்கு முன்னால் வகிடு எடுக்கத் தெரியாமல் சீப்பை வைத்துத் தடவிக்கொண்டிருந்தவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஏனென்றால் ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் சீவினேன்.

"என்னாடா, கை மாறிருச்சு?"

"சும்மாண்ணே. ஸ்டைலு."

ஸ்டைலாம், ஸ்டைலு! நாலு ஏச்சு ஏசியிருப்பேன். அம்மா பக்கத்திலேயே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

எங்களுக்குச் சின்னமனூர். அப்பா போன பிறகு அந்தத் தையல் மெஷின்தான் எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியது. ரவிக்கை தைப்பதில் அம்மா கை பேர்போனது. தேவாரம் ஊரிலிருந்தெல்லாம் பெண்கள் பஸ் ஏறி வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரே ஆசை, போலீஸ் ஆக வேண்டும். வேறு எந்த வேலைக்குப் போனாலும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவான்.

எழுத்துத் தேர்வில் அவன் தேறிவிடுவான். ஓடச் சொன்னால் பக்கத்து ஊர் வீரபாண்டி வரைக்கும் ஓடிவிட்டு வந்து காபி கேட்பான். போன தடவை அவனைக் கவிழ்த்தது மார்பளவு. அரை இஞ்ச் குறைந்தது. டேப் பிடித்தவர் அவிழ்த்துவிட்டு இன்னொரு தடவை பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாராம். ஓட்டத்தில் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். அரை இஞ்சை நினைத்து ஒருவன் எப்படித் தூங்குவான்? வரப்போகிற தேர்வை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். இந்தத் தடவைதான் கடைசி. அது அவனுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், எதிர் வீட்டு நாய்க்கும் தெரியும்.

நெஞ்சு பெருக்க வேண்டும் என்று ஜிம்மில் சேர்ந்தான். வாழைக்காய் மண்டிக்கு மேலே மொட்டை மாடியில் தகரம் போட்ட கொட்டகை அது. கீழே வாழைத்தார் இறக்குகிறவர்கள் சத்தம், மேலே இரும்புச் சத்தம். ஆனி பிறந்துவிட்டால் மலைக்கணவாய் வழியாக வரும் காற்று அந்தத் தகரத்தைப் பிடித்து உலுக்கும். பெஞ்சில் மல்லாந்து படுத்தால் தகரம் எழும்பி எழும்பி அடங்குவது தெரியும். எந்த நேரமும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் போலிருக்கும். எனக்கு அந்தக் கொட்டகை என்றைக்குமே பிடித்ததில்லை.

அதே பெஞ்சில்தான் என் வலது தோள் போனது. எனக்குப் போலீஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவனைவிட ஒரு இரும்புப் பிளேட் கூடப் போட வேண்டும் என்ற வீம்புதான். முழங்கைகளைக் காக்கை இறக்கை விரித்த மாதிரி விரித்து, பார் என்கிற எடைக்கம்பியைக் கழுத்துக்கு நேராக இறக்கி, நெஞ்சில் மோதி எழுப்பினேன். தோளுக்குள் நறுக்கென்றது. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க இடது கையால் தலை சீவினேன்.

தேனியில் என் தோளுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண் ஒருத்தி என்னை உட்காரவைத்துத் திட்டினாள். "இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள்ள இருக்கு. தோளு அப்பிடி இல்ல. தட்டுல எலுமிச்சம்பழத்த வச்ச மாதிரி இருக்கு. நாலு சின்னச் சதைதான் புடிச்சு நிறுத்தியிருக்கு. நீங்க அதுமேல மூட்டையத் தூக்கிப் போட்டா?" என்று கேட்டாள்.

அவளிடம் கற்றதை எல்லாம் தம்பிக்குச் சொன்னேன். படுத்ததும் முதுகில் இருக்கும் இரண்டு தோள்பட்டை எலும்பையும் ஒன்றோடொன்று நெருக்கிக் கீழே இழுத்துக்கொள். முழங்கையை உடம்போடு ஒட்டவும் விடாதே, தோளுக்கு நேராக விரிக்கவும் விடாதே, இரண்டுக்கும் நடுவில் வை. பாரை நெஞ்சின் கீழ்ப்பக்கம் பைய இறக்கு. வெறும் பாரை வைத்து உடம்பைச் சூடாக்காமல் பிளேட்டைத் தொடாதே. தள்ளுகிற அளவுக்கு இழுக்கவும் வேண்டும். முன்பக்கம் மட்டும் பெருத்தால் தோள் முன்னால் சரிந்துவிடும். சதை வலித்தால் பரவாயில்லை, மூட்டுக்குள் வலித்தால் அந்த நிமிஷமே எழுந்துவிடு.

முதல் சில மாதங்கள் நன்றாகவே கேட்டான். நான் தலைமாட்டில் நின்று பாரைப் பார்த்துக்கொள்வேன். நான் சொன்னபடி பைய இறக்குவான், பைய ஏற்றுவான். தோள் அகன்று, பழைய சட்டைகளின் பட்டன் இழுத்துக்கொண்டு நின்றது. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்று வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்ததும் அம்மா முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்பான். அம்மா கழுத்தில் கிடக்கும் டேப்பை உருவி அவன் நெஞ்சைச் சுற்றிப் பிடிப்பாள். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள்.

"எம்புட்டும்மா?"

"கொறையுதுடா ராசா. இன்னும் கொஞ்சம் வேணும்."

அடுத்த ஞாயிறும் அதேதான். அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். ஏதோ ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், கூடியிருப்பதாகச் சொல்வாள், அதற்கு மேல் போகாது. அவன் முகம் தொங்கிப்போகும். திங்கட்கிழமை பாரில் ஒரு பிளேட் கூடும். சட்டை பத்தாமல் போகிறது, அளவு மட்டும் நகரமாட்டேன் என்கிறதே என்று எனக்கு ஒரு தடவை தோன்றத்தான் செய்தது.

"சரியாப் புடிச்சியாம்மா?" என்று கேட்டேன்.

"ஏலே, ஊருக்கே அளவெடுக்குற கையிடா இது. நீ எனக்குப் படிச்சுக் குடுக்குறியா?" என்றாள். அந்தக் கையைச் சந்தேகப்பட எனக்குத் துணிச்சல் இல்லை.

அம்மாவுக்கு ஒரு குணம் உண்டு. தன் பிள்ளைகளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வாயில் வராது. யாராவது, "ஒம் மகன் நல்லாத் தேறிட்டானே" என்றால் போதும், "என்னத்தத் தேறுனான், கன்னம் ஒட்டிக் கெடக்கு" என்பாள். அப்படிச் சொன்னவர் தெருமுனை தாண்டுவதற்குள் உப்பும் மிளகாயும் எடுத்து எங்கள் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டுவிடுவாள். மிளகாய் கமறினால் கண் படவில்லை, கமறாவிட்டால் கண் பட்டுவிட்டது என்று கணக்கு. நாங்கள் அதைக் கேலி செய்தே வளர்ந்தோம்.

பிளேட் கூடக் கூட அவன் பழக்கம் கெட்டது. சூடாக்குவதை விட்டான். இழுக்கிற பயிற்சிக்கு நேரமில்லை என்றான். முழங்கை விரிந்தது. பார் மேலே மேலே ஏறிக் கழுத்துக்கு வந்தது. ஜிம் மாஸ்டர் வேறு பக்கத்தில் நின்று, "வலிச்சாத்தான்டா வளரும்" என்று உசுப்பிவிடுவார். அல்வா மாதிரி இனிக்க இனிக்கப் பேசுகிற மனுஷன். தோள் போனால் அவருக்கென்ன?

அதற்குப் பிறகுதான் அந்த இடது கைச் சீப்பு. அதன் பின்னால் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. பஸ்ஸில் மேல்கம்பியை இடது கையால் பிடித்தான். பின்பக்கப் பாக்கெட்டில் வைத்திருந்த மணிபர்ஸ் முன்பக்கத்துக்கு வந்துவிட்டது. பனியனைக் கழற்றும்போது முதலில் இடது கையை உருவி, தலையை உருவி, கடைசியில் வலது கையிலிருந்து உரித்து எடுத்தான். வலது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதை விட்டுவிட்டான். எனக்கு இதெல்லாம் மனப்பாடமான பாடம். அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரிந்தே படிக்கிற மாதிரி இருந்தது.

ஆடிக் காற்று உச்சத்தில் இருந்த ஒரு சாயங்காலம். கீழே மண்டியில் காற்றில் ஒடிந்த மரங்களின் பிஞ்சுத் தார்களாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. தம்பி பெஞ்சில் படுத்திருந்தான். பார் பாதி ஏறி நின்றது. வலது பக்கம் மட்டும் சரிந்தது. அவன் தோளுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவு தகரச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. பாரைப் பிடித்துத் தூக்கி வைத்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. கூரையைப் பார்த்தபடி மூச்சு வாங்கினான்.

"போதும்டா. நாளைக்கே டாக்டரப் பாக்குறோம்."

"பரீச்ச முடியட்டும்ணே."

"கிறுக்குப்பயலே, கயிறு ஏறணும்ல அங்கன? நெஞ்சாலயா ஏறுவ?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "நெஞ்சு தேறுனாத்தான் கயித்துக்கிட்டயே விடுவாக. அம்மா இன்னும் பத்தலங்குது. நான் என்னாண்ணே செய்ய?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. முதலில் அளவு எடுப்பார்கள், ஓடவிடுவார்கள். அதில் தேறினவர்களுக்குத்தான் பிறகொரு நாள் கயிறு. அம்மாவிடம் சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான். பிடித்தது இடது கை.

அளவெடுக்கும் நாள் வந்தது. நான் வெளியே ரோட்டோரத்தில் மற்ற வீட்டுக்காரர்களோடு நின்றேன். வெயிலில் நின்று நின்று தலை கிறுகிறுத்தது. உள்ளே போனவர்களில் சிலர் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி வெளியே வந்தார்கள். ஒவ்வொரு முகமும் தூரத்தில் தம்பி முகம் மாதிரியே இருந்தது.

அவன் வந்தான். ஓடி வந்தான். ஓட்டமும் முடித்து, சட்டை நனைந்து, வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"அண்ணே! பாஸுண்ணே! நெஞ்சு ரெண்டு இஞ்சு கூடவே இருக்காம். மூச்ச இழுத்து விரிச்சா இன்னும் கூட. டேப்பு புடிச்சவரு, 'என்னாப்பா, நெஞ்சா, நெல்லுக் கொட்டுற குதிரா'ன்னு கேட்டாருண்ணே!"

அவனைக் கட்டிக்கொண்டேன். அப்படியே கட்டிக்கொண்டிருக்கும்போதே கணக்கு இடித்தது. ரெண்டு இஞ்ச். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா, கால் இஞ்ச் குறைகிறது என்று சொன்னாள். அன்று பிடித்த டேப்புக்கும் இன்று பிடித்த டேப்புக்கும் நடுவில் அவ்வளவு தூரம் எங்கிருந்து வந்தது?

தம்பிக்கும் அது உறைத்தது. ஆனால் அவன் சிரித்தான். "அம்மா டேப்பு காலத்துக்கும் இழுபட்டு நைஞ்சு போச்சுண்ணே. அதான் தப்புத் தப்பாக் காட்டியிருக்கு." கடைத்தெருவில் இறங்கி மஞ்சள் நிறத்தில் புது இஞ்ச் டேப் ஒன்று வாங்கினான். வீட்டுக்குள் நுழைந்ததும் பழையதை அம்மா கழுத்திலிருந்து உருவிவிட்டுப் புதியதை மாலை மாதிரி போட்டான். "பாஸு! ரெண்டு இஞ்சு கூடும்மா! ஒன் டேப்பத் தூக்கிக் குப்பையில போடு."

அம்மா சிரித்தாள். சிரித்த வாய் பாதியில் நின்றுவிட்டது.

அவன் குளிக்கப் போனதும் அடுப்படிக்குள் அவளை நிறுத்திக் கேட்டேன். "டேப்பாம்மா தப்பு?"

அவள் உப்புச் சாடியைத் திறந்துகொண்டே பேசினாள். "டேப்பு என்னாடா செஞ்சுச்சு? அதுல ஊருக்கே தச்சுக் குடுத்துருக்கேன், எந்தச் சட்டையாச்சும் திரும்பி வந்துச்சா?"

"அப்புறம்?"

"நெஞ்சு நெறஞ்சுருச்சுடான்னு என் வாயால எப்பிடிடா சொல்லுவேன்? பெத்தவ கண்ணுதான்டா பொல்லாத கண்ணு. மொதல்ல அதுதான் படும். போன தடவ கெளம்புறப்ப 'ராசா மாதிரி இருக்க'ன்னு வாய் தவறிச் சொல்லிப்புட்டேன். அரை இஞ்சுல போச்சுல்ல? அதான் இந்தவாட்டி கொறச்சே சொன்னேன். சித்திரையிலயே தேறிட்டான்டா அவன்."

சித்திரையிலேயே தேறிவிட்டான். வைகாசியில் போட்ட பிளேட், ஆனியில் போட்ட பிளேட், ஆடியில் அந்த 'டொக்', எல்லாம் வேண்டாத இரும்பு. எனக்கு வந்த கோபத்தில் உப்புச் சாடியைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை தேறிவிட்டான் என்ற சந்தோஷத்தைக்கூட வெளியே காட்டப் பயந்துகொண்டு, கையில் மிளகாயோடு நின்றாள். அவளை என்ன சொல்லி நான் திட்ட?

தம்பியின் தோளைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன். அம்மா மிளகாயை அடுப்பில் போட்டாள். கமறல் மூக்கில் ஏறியது. கண் எதுவும் இல்லை என்று அர்த்தம். அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததா, இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சனிக்கிழமை குச்சனூர் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். தம்பியிடம் எதுவும் கேட்கவில்லை. அவன் சாப்பிடும்போது வலது கை வாய்க்கு ஏறுவதை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கயிற்று நாளும் வந்தது. அன்றைக்கும் காற்று. நான் நின்ற ரோட்டுக்கும் மைதானத்துக்கும் நடுவில் உயரமான மதில். மதிலுக்கு மேலே கயிறு கட்டிய கம்பத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. யாராவது ஏறினால் முதலில் கயிறு ஆடும். பிறகு கைகள் வரும், தலை வரும். விசில் கேட்கும், தலை இறங்கிப்போகும். ஒரு தலை வருவதற்கும் இன்னொரு தலை வருவதற்கும் நடுவில் வெறும் கயிறு காற்றில் ஆடிக்கொண்டு தொங்கும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு தடவை கயிறு ஆடியது. இடது கை மதிலுக்கு மேலே வந்தது. தம்பியின் தலைமுடி தெரிந்தது, இடது பக்கமாகக் கோணல் வகிடு. நெற்றி வந்தது. கண் வந்தது. இனி வலது கை மேலே வந்து பிடிக்க வேண்டும். வா, வா, வாடா என்று நான் கத்தியதில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வலது கை வரவில்லை. அவன் கண் ஒரு கணம் மதிலுக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு கீழே போய்விட்டது. கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வெளியே வரும்போது வலது கையை இடது கையால் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான்.

"இன்னொரு வாய்ப்புக் குடுத்தாகண்ணே. நல்லாத்தான் சொன்னாக, 'பதறாம ஏறுப்பா'ன்னு. அப்பவும் கை மேல வரமாட்டேன்னுருச்சு."

பஸ்ஸில் அவன் வலது தோளில் யாரும் இடிக்காமல் நான் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது தோளுக்குள் தசைநார் கிழிந்திருந்தது. "இவ்வளவு வெயிட்ட எதுக்குப்பா தூக்குன?" என்று டாக்டர் கேட்டார். "நெஞ்சு பத்தலைன்னு நெனச்சேன் சார். வீட்டு டேப்பு பழசு" என்றான். அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நடந்தது. கை மேலே போகிறது, ஆனால் முழுதாகப் போவதில்லை. அவன் வயதும் தாண்டிவிட்டது. இப்போது மருந்துக் கடை ஒன்றில் கீழ்த்தட்டுகளைப் பார்த்துக்கொள்கிறான். மேல்தட்டுக்கு வேறு ஆள்.

போன ஞாயிற்றுக்கிழமை, தலை வழியாகப் போடாமல் முன்னால் திறந்து போடுகிற மாதிரி வீட்டுப் பனியன் ஒன்று தைக்க அம்மா அவனுக்கு அளவெடுத்தாள். அந்த மஞ்சள் டேப்தான். தம்பி கையை விரித்தான். இடது முழுதாக விரிந்தது, வலது பாதியில் நின்றது. நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றதால் டேப்பில் விழுந்த எண் எனக்குத் தெரிந்தது. நெஞ்சு வற்றிப்போயிருந்தது. முதல் தடவை அவனைத் திருப்பி அனுப்பிய அளவுக்கும் கீழே போயிருந்தது.

"எம்புட்டும்மா?" என்று பழைய பழக்கத்தில் கேட்டான்.

அம்மா டேப்பை உடனே தளர்த்திவிட்டாள். "அப்பிடியே இருக்குடா ராசா," என்றாள். "கதவு மாதிரி நெறஞ்சு இருக்கு. ஒரு நூல் கொறையல."

வாய் தவறிய அந்த ஒரு தடவையைத் தவிர, பிறந்ததிலிருந்து அவள் வாயில் நாங்கள் கேட்டிராத வார்த்தை. உப்பும் எடுக்கவில்லை, மிளகாயும் எடுக்கவில்லை.

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். "புது டேப்புல்லண்ணே," என்றான். "சரியாத்தான் காட்டும்."